கரணையை அவள் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒருவர், பழைய வீடுகளில் சின்ன வேலைக்குக் கொத்தனார் கிடைப்பதே இல்லை, பத்து நாள் அலைந்தாலும் ஒருவர் வருவதில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். நானும் போன தை மாதம் அப்படித்தான் அலைந்தேன். ஆனால் எனக்குக் கொத்தனார் கிடைத்தார். நாற்பது வருடமாக என் கண் முன்னாலேயே இருந்தவர். எனக்குத்தான் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம் நாச்சியார்கோவில். குத்துவிளக்குக்குப் பேர் போன ஊர். வீடு 1956-ல் என் மாமனார் கட்டிய ஓட்டு வீடு. திண்ணை, கூடம், முற்றம், கொல்லை என்று வரிசையாகப் போகும். சுவரெல்லாம் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். அந்தக் காலத்தில் கழிப்பறை கொல்லைக் கோடியில் இருந்தது. அதைச் சுத்தம் செய்ய வருகிற அம்மாள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று பின்னால் தனிச் சந்தே விட்டிருந்தார்கள். அந்தச் சந்து இன்னும் இருக்கிறது. 1983-ல்தான் வீட்டின் பின் சுவரை ஒட்டி, செப்டிக் டேங்கோடு ஆறடிக்கு ஐந்தடி அளவில் குளியலறையும் கழிப்பறையும் சேர்த்துக் கட்டினார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன், என் கணவர் இருந்தபோது, பழைய சிமெண்ட் தரையின் மேல் பளபளவென்று வெள்ளை டைல்ஸ் ஒட்டினோம். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. தரையின் சரிவு, அதாவது வாட்டம்தான் தப்பு. தண்ணீர் மூலையில் இருக்கிற துவாரத்துக்குப் போகாமல் கதவை நோக்கி வரும். பன்னிரண்டு வருடமும் விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே இருந்தோம்.

போன மார்கழியில் என் மாமியார் அந்தக் கதவோரத் தண்ணீரில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். அவருக்கு வயது 84. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. அவர் விழுந்தது கதவுக்குக் குறுக்கே. நான் வெளியிலிருந்து தள்ளுகிறேன், கதவு அவர் உடம்பில் இடிக்கிறது, அவர் உள்ளேயிருந்து “தள்ளாதே, வலிக்குது” என்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கித்தான் அவரைத் தூக்க முடிந்தது. மணிக்கட்டு முறிந்திருந்தது. இடுப்பு தப்பியது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த அந்த இருபது நிமிடத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று ஆள் தேடினேன். டவுனிலிருந்து வந்த ஒருவர் 1,60,000 ரூபாய் கேட்டார். இன்னொருவர் வந்து பார்த்துவிட்டு, “காரைச் சுவர்ம்மா, கை வச்சா மொத்தமும் கொட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் என் கணவரின் நண்பர்கள்தான் வந்தார்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். விளக்குப் பட்டறை வைத்திருக்கிற பத்தர் ஒருவர். கும்பகோணத்தில் ஐ.டி.ஐ.யில் பிளம்பர் படித்த பத்தரின் மகன். எங்கள் தெருவிலேயே நாற்பது வருடம் மேஸ்திரியாக இருந்த பெரியவர் ஒருவரும் வந்தார். முழங்கால் தேய்ந்து அவரால் இப்போது குனிய முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறேன், யாராவது செய்யுங்கள் என்றார்.

மண் சுமக்க, கலவை போட என் தோழியைக் கூப்பிட்டேன். தோழி என்ற உரிமையில் அவள் என்றே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை நானும் அவளும் ஒரே பெஞ்சு. நான் படித்துச் சத்துணவு அமைப்பாளர் ஆனேன். அவள் பதினாறு வயதில் சித்தாள் வேலைக்குப் போனாள். அவளுடைய அம்மாவும் சித்தாள்தான். மாடிக்குப் பழைய மெட்ராஸ் ஒட்டுத் தளம் போடுகிறபோது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கட்டையால் நாள் கணக்கில் தளம் அடிப்பார்களே, அந்த வேலை செய்தவர். எத்தனையோ மாடிகளில் ஒரு சொட்டு இறங்காமல் இன்று வரை நிற்கிற தளம் அந்தக் கைகள் அடித்தது. நான் அவளை மண் சுமக்கத்தான் கூப்பிட்டேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நாற்பது வருடப் பழக்கத்தில் எனக்கும் அவள் சித்தாள்தான்.

முதல் நாள் அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, உளிச் சுத்தியலின் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொரு டைல்ஸிலும் நாலு மூலை, நடு. “எல்லாம் பொள்ளல்டி. அஞ்சு உருண்டை கலவை வச்சு ஒட்டிட்டுப் போயிருக்கான்” என்றாள். பெயர்த்துப் பார்த்தால் அப்படியேதான் இருந்தது. மூலைக்கொன்று, நடுவில் ஒன்று, தயிர்சாத உருண்டை மாதிரி. மிச்ச இடமெல்லாம் வெற்றிடம். இணைப்பு வழியே இறங்கிய தண்ணீர் பன்னிரண்டு வருடமாக அந்தப் பொந்துகளிலேயே தேங்கிக் கிடந்திருக்கிறது. அதுதான் பின் சுவரில் ஏறி, முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, காரை மாவாக உதிர்ந்திருக்கிறது. இரண்டாவதாக வந்தவர் “காரைச் சுவர்ம்மா, கை வச்சா மொத்தமும் கொட்டும்” என்றது சரியில்லை. சுவர் மேல் குற்றமே கிடையாது.

சரி, சிமெண்ட் வைத்துப் பூசிவிடலாம் என்று நான் சொன்னேன். அவள் ஒப்பவில்லை. காரைச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், காற்றுப் பட்டால் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுற்றி, இன்னும் மேலே ஏறும் என்றாள். நாற்காலியில் இருந்த மேஸ்திரி அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உதிர்ந்த காரையை எல்லாம் சுரண்டி, செங்கலைத் திறந்தபடி பதினைந்து நாள் காயவிட்டோம். சுண்ணாம்பை ஒரு வாரம் ஊற வைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீர் விட்டு மணலோடு அவளே கலந்தாள். தண்ணீர் தெறிக்கிற நாலடி உயரம் வரை மட்டும் டைல்ஸ், அதற்கு மேலே காரைப் பூச்சும் வெள்ளையும். அந்தச் சுவரின் சமையலறைப் பக்கம் வருடா வருடம் பெயிண்ட் உரியும். இந்த வருடம் உரியவில்லை.

இனி வாட்டத்துக்கு வருகிறேன். நான் அருகிலிருந்து பார்த்த வேலை அது. கொத்து வேலை செய்கிறவர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு நூல் என்பார்கள். குளியலறைத் தரைக்கு அடிக்கு ஒரு நூல் வாட்டம் வேண்டும். எங்கள் அறை ஆறடி நீளம் என்பதால் கதவோரத்துக்கும் துவாரத்துக்கும் நடுவே ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம், இறங்க வேண்டும். அதற்கு மேல் போனால் வயதானவர்களுக்கு நிற்கும்போது கால் சரியும், குறைந்தால் தண்ணீர் நிற்கும். கண்ணால் பார்த்தால் முக்கால் அங்குலம் தெரியவே தெரியாது. மட்டம் பார்க்கிற டியூப் லெவலின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, கதவோரம் உட்கார வைத்தாள். கண்ணாடி மாதிரியான டியூபில் தண்ணீர் ஏறி இறங்கி நிற்கிறவரை மூச்சுவிடாமல் பிடித்திருந்தேன். மறுமுனையில் அவள் பென்சிலால் சுவரில் கோடு போட்டாள். நாலு சுவரிலும் கோடு போட்ட பிறகு, அதிலிருந்து கீழே அளந்து, நூல் கயிறு கட்டி, கலவையில் நாலு புள்ளி வைத்தாள்.

அங்கேதான் அவள் நின்றுவிட்டாள். கலவை போட்டாயிற்று, புள்ளி வைத்தாயிற்று. எழுந்து ஒதுங்கிக் கையைக் கழுவிக்கொண்டு நின்றாள். “ஏன் நிறுத்திட்டே?” என்றேன். “கொத்தனார் வரட்டும்” என்றாள். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. இத்தனை வருடமும் அவள் வேலை அந்த இடத்தில்தான் முடியும். கலவையைக் கையிலெடுத்துக் கொடுப்பது வரை அவள், கலவையைப் பூசுகிற கரணையை வைத்து இழுப்பது வேறொருவர். யாரும் அவளைத் தடுத்ததாகக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, அப்படித்தான் வேலை என்று இருந்துவிட்டாள்.

மேஸ்திரிதான் பேசினார். “ஏம்மா, அந்தக் கரணைய எடு. நான் வேற எந்திரிச்சு வர முடியாது.” அவள் எடுத்தாள். முதல் வரிசையை இழுத்து, தேய்த்துச் சமமாக்குகிற மணியாசுக் கட்டை போட்டு, மட்டம் காட்டுகிற ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். மேஸ்திரி நாற்காலியிலிருந்து குனிந்து பார்த்தார். அப்புறம் சொன்னார்: “நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலம்மா. நாப்பது வருசமா என் பக்கத்துல நின்னு அதுவா பாத்துக் கத்துக்கிட்டிருக்கு. நான் ஒருதரம் கேட்டிருக்கலாம்.” அவர் குரல் அப்போது சரியாக இல்லை.

தரை அவள் போட்டதுதான். சின்ன டைல்ஸ், ஓரடிக்கு ஓரடி, மேலே கை வைத்தால் சொரசொரவென்று இருக்கும். கடையில் பளபளப்புள்ளதைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆர்-10, ஆர்-11 என்று பெட்டியில் போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எண் கூடக் கூட வழுக்கல் குறையும். டைல்ஸ் போடுமுன் தண்ணீர் இறங்காத பூச்சு இரண்டு கை அடித்து, காய்ந்த பிறகு துவாரத்தை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்தோம். கோடு போட்டு அளந்தோம், மட்டம் இறங்கவில்லை. டைல்ஸ் ஒவ்வொன்றுக்கும் அடியில் முழுக்கக் கலவை பரப்பி, சிமெண்ட் பால் விட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி வைத்தாள். தட்டுகிற சத்தத்தைக் காதால் கேட்டே, “இது உக்காந்துடுச்சு”, “இதுல இன்னும் பொள்ளல் இருக்கு” என்று சொல்வாள். ஒரு டைல்ஸை மூன்று தடவை எடுத்து வைத்தாள். நான் போதும் என்றேன். மாமியார் கால் வைக்கிற இடம் என்றாள்.

எல்லாம் முடிந்த அன்று கதவோரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். அது அவசரமில்லாமல், கிளை பிரியாமல், நேராக மூலைத் துவாரத்துக்குப் போய் இறங்கியது. மாமியார் கட்டுப் போட்ட கையோடு வாசற்படியில் நின்று பார்த்தார். இன்னொரு சொம்பு ஊற்றச் சொன்னார்.

மற்ற நண்பர்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். பழைய ஜி.ஐ. இரும்புக் குழாயை அறுத்துப் பார்த்தால் துரு அடைத்து பேனா ரீபிள் அளவுக்குத்தான் வழி இருந்தது. பத்தரின் மகன் எல்லாவற்றையும் மாற்றி, வெந்நீர் வரும் இடத்துக்கு, சூடு தாங்குகிற சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போட்டான். மின்வாரிய நண்பர் வந்து பார்த்தபோது வெந்நீர் ஹீட்டருக்கு எர்த்தே கிடையாது. பிளக் மாட்டுகிற இடத்தில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டை. அத்தனை வருடம் ஈரக் கையோடு அந்த சுவிட்சைத் தொட்டிருக்கிறோம். தனி எர்த் குழி போட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. வைத்தார். அதில் டெஸ்ட் பட்டன் இருக்கிறது, மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திருப்பித் திறக்கிற வகை. கைப்பிடிக் கம்பிதான் சிரமம் கொடுத்தது. காரைச் சுவரில் போல்ட் பிடிக்காது, பாரம் கொடுத்தால் செங்கலோடு வந்துவிடும். கடைசியில் சுவரை முழுக்கத் துளைத்து, மறுபக்கம் சமையலறையில் இரும்புப் பட்டை கொடுத்து நட்டுப் போட்டு முறுக்கினார்கள். அந்தப் பட்டைக்கு மேல் இப்போது தினசரி காலண்டர் தொங்குகிறது. பத்தர், மாமனார் காலத்துப் பித்தளைக் குழாயைக் கழற்றிப் போய், விளக்குத் தண்டு கடைகிற கடைசல் இயந்திரத்திலேயே உட்புறம் கடைந்து கொண்டுவந்தார். சொட்டுவது நின்றது.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். கம்மோடுக்கு லைன் மாற்றியபோது செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், “ஒரு ஆளை இறக்கி அள்ளிடலாம், ஐந்நூறு கொடுத்தா வருவான்” என்றார். என் தோழி கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு, “எவனாவது இதுக்குள்ள இறங்குனா நான் இந்த வீட்டு வேலைக்கு வரமாட்டேன்” என்றாள். அவள் சொன்னது சட்டமும்கூட. மனிதரை அப்படி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்ளே இருக்கிற விஷவாயுவுக்கு ஒரு மூச்சு போதும். 14420 என்ற எண்ணில் கூப்பிட்டால் உறிஞ்சும் லாரிக்கு வழி சொல்வார்கள். நாங்கள் லாரி வைத்துத்தான் எடுத்தோம்.

இனி கூலிக் கணக்கு. எங்கள் பக்கத்தில் கொத்தனாருக்கு ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் என்றால் பெண் சித்தாளுக்கு 500, மிஞ்சினால் 550. வேலை நாட்கள் பதினாறு வந்தது. நான் அவளுக்கு நாளுக்கு 1,000 ரூபாய் கணக்கில் 16,000 கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். “உங்கிட்ட எப்படிடி வாங்குறது, பழகுன வீடு” என்றாள். மின்வாரிய நண்பரும் மேஸ்திரியும் வாங்கவில்லை, அவர்களுக்கு ஓய்வூதியமோ பிள்ளைகளோ இருக்கிறார்கள். அவளுக்கு அந்த 16 நாளும் வேறு இடத்தில் போயிருக்க வேண்டிய கூலி. சிநேகிதம் என்று சொல்லி அதை நான் எடுத்துக்கொண்டால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததற்கு என்ன அர்த்தம்? அரை நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு வாங்கிக்கொண்டாள். எல்லாம் சேர்த்து எனக்கு 84,000 ஆனது.

ஆண்–பெண் கூலியில் வேற்றுமை கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பெண்ணைக் கடைசி வரை சித்தாளாகவே வைத்திருந்தால் அந்தச் சட்டம் நடைமுறையில் அவள் வரை எட்டுவதில்லை. ஒரே வேலைக்குத்தானே ஒரே கூலி? அந்த வேலையையே கொடுக்காவிட்டால்? பையன் ஒருவன் சித்தாளாக வந்தால் இரண்டு மூன்று வருடத்தில் “கரணை பிடிடா” என்கிறார்கள். அவளுக்குப் பின்னால் வந்து, அவளிடம் கலவை வாங்கி வேலை பழகிய பையன்கள் இன்று மேஸ்திரிகள். 1994-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவளும் பதிந்திருக்கிறாள். அட்டையைக் காட்டினாள். தொழில் என்ற இடத்தில் சித்தாள் என்றே இருக்கிறது.

எனவே உங்கள் நாளிதழ் வழியாக அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இது. பயிற்சி என்றால் புதிதாக வருகிற இளைஞர்களை மட்டும் நினைக்காதீர்கள். அனுபவத்தைச் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்திலேயே இருக்கிறது. அதை ஒன்றியம் ஒன்றியமாக, வேலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையில், பெண் சித்தாள்களுக்கென்று நடத்துங்கள். அன்றைய கூலியையும் கொடுங்கள். கையில் கரணையைக் கொடுத்து ஒரு தரை போடச் சொல்லுங்கள், ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேறியவர்களுடைய வாரிய அட்டையில் கொத்தனார் என்று மாற்றிக் கொடுங்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பு பெண்களுக்குக் கொத்தனார் பயிற்சி கொடுத்து வீடுகளையே கட்ட வைத்திருக்கிறது. நம்மால் முடியாததா?

அந்த வாசகருக்கும் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஏதாவது ஒரு கட்டடத்தில் தலையில் சும்மாடு வைத்துக் கலவைச் சட்டி சுமக்கிற அம்மாளிடம், வாட்டம் பார்க்கத் தெரியுமா என்று ஒருமுறை கேளுங்கள்.

இதை எழுதுவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன். பெயர் வேண்டாம் என்றாள், மற்றதெல்லாம் போடச் சொன்னாள். எங்கள் குளியலறையைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவில் ஒரு வீட்டில் தரை போட அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சித்தாள் கூலியில் முடித்துத் தருகிறாயா என்று கேட்டார்களாம். கொத்தனார் கூலிதான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். இன்றோடு நாலு நாள் ஆகிறது. ரசமட்டம் மட்டும் கும்பகோணம் போய்ச் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
நாச்சியார்கோவில்.